மாப்பிள்ளைக்கு எந்த ஊர்?

மாப்பிள்ளை என்றால் அப்பாவுக்கு முதலில் ஊர் தெரிய வேண்டும். படிப்பு, வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான். ஊர் தெரிந்தால் அங்கே யாரையாவது பிடித்து விசாரித்துவிடலாம். அக்காவின் மாப்பிள்ளையைப் பற்றி அவருடைய ஊர்த் தபாற்காரர் வரைக்கும் விசாரித்தவர் அவர்.

நான் கூட்டிவந்தவனோ இங்கே கனடாவில், மொன்றியலில் பிறந்த வெள்ளைக்காரன். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் உட்கார்ந்து வடையைக் கடித்தபடி, தன் முன்னோர் ஜேர்மனியிலிருந்து வந்தவர்கள் என்றான். அங்குள்ள ஒரு சிற்றூரின் பெயர்தான் தன் குடும்பப் பெயராயிற்று என்றும் பெருமையாகச் சொல்லிவைத்தான். வாயை மூடிக்கொண்டு வடையைத் தின்றிருக்கலாம்.

அப்பாவுக்கு அது போதும். ஜேர்மனியில் சித்தப்பா இருக்கிறாரே! பாவம் மனிதர், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய், பேக்கரி, தேவாலயம் என்று ஓரிடம் விடாமல் விசாரித்துவிட்டுப் போன் எடுத்தார்.

"அண்ணை, ஊர் இருக்கு. ஆனா அந்தப் பேரிலை அங்கை ஒருத்தரும் இல்லை. சவக்காலைக் கல்லறையளிலை கூட இல்லை."

"பொடியன் பொய் சொல்லியிருக்கிறான். இது சரிவராது" என்று அப்பா ஒரே போடாகப் போட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அப்பாவை மீறிக் கட்டவும் மனமில்லை, அவனை விடவும் மனமில்லை.

மறுநாளே அவனை இழுத்துவந்து அப்பா முன்னால் உட்காரவைத்தேன். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கே அறைய வேண்டும் போலிருந்தது. பிறகு அவன் ஆங்கிலத்தில் விளக்க, நான் தமிழில் சொன்னேன்.

"அந்த ஊருக்குள்ளை எல்லாரும் அந்த ஊர்க்காரர்தானே அப்பா. ஆரையெண்டு அப்பிடிக் கூப்பிடுறது? ஊரை விட்டுப் போனவையைத்தான் போன இடத்திலை அப்பிடிக் கூப்பிட்டவையாம். அதுவே பேராப் போச்சாம்."

அப்பா நாடியைத் தடவினார். நம்பியதாகத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, கோயிலுக்குக் கூட்டிப்போக வந்த கீழ்வீட்டுக்காரர் படியில் நின்று குரல் கொடுத்தார்.

"வேலணையார்! வெளிக்கிட்டாச்சோ?"

யாழ்ப்பாணத்தில் அப்பாவின் ஊர் வேலணை. மொன்றியலுக்கு வந்த நாளிலிருந்து அப்பாவுக்கு அதுதான் பெயர். சொந்தப் பெயர் பாதிப்பேருக்குத் தெரியாது.

அப்பா கதவைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"வேலணையிலை என்னை ஒருத்தரும் இப்பிடிக் கூப்பிட்டதில்லை" என்றார், தனக்குத்தானே.

சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"சித்தப்பாவுக்குப் போன் எடு பிள்ளை. ஆளை விசாரிச்சாச்சு எண்டு சொல்லு."