தேயிலைக்குள் விழாத பந்து

அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கம்பஸில் என்னோடு படிக்கிற ஒருத்தன் போன வாரம்கூட எனக்கு அனுப்பி, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற முகங்களை வரிசையாகப் போட்டிருந்தான். துடுப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து போகிறவன் என் அத்தை மகன் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அனுப்பியிருப்பான் என்றே நினைக்கிறேன்.

கண்டிப் பக்கம் மென்பந்து கிரிக்கெட்டுக்கு இரண்டு லீக் உண்டு. டவுன் லீக் கம்பனிகள் நடத்துவது. நன்றாக விளையாடுகிறவனை ஒரு கம்பனி தன் டீமுக்கு எடுத்தால் வேலையும் கொடுக்கும், சம்பளமும் கொடுக்கும். எங்களுடையது தோட்ட லீக். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களும் வத்தேகமப் பக்கத்துத் தோட்டங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடுவோம். இரண்டு லீக்குக்கும் ஆகாது. அவர்கள் எங்களைக் கொழுந்து டீம் என்பார்கள். முகத்துக்குப் பூசிக்கொண்டு வருகிறவர்கள் என்று நாங்கள் அவர்களைப் பவுடர் டீம் என்போம். வருசத்துக்கு ஒரு தடவை மட்டும் இரண்டு பக்கமும் தங்கள் தங்கள் டீம்களிலிருந்து கெட்டிக்காரர்களைப் பொறுக்கியெடுத்து டவுன் மைதானத்தில் மோதுவார்கள். நட்சத்திர ஆட்டம் என்று பெனர் கட்டி, ஸ்பீக்கர் வைத்து, பெரிய எடுப்பாக நடக்கும்.

இந்த முறை மச்சானைப் பொறுக்கியிருந்தார்கள். நானும் அவனும் ஒரே வயது, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே லயம். அவன் சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தேயிலை ஃபெக்டரியில் வேலைக்குப் போனான். நான் தொடர்ந்து படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான் என்பதால் கூட்டம், கடிதம் எதுவானாலும் என்னைத்தான் தள்ளிவிடுவார்கள். அப்படித்தான் டீம் மெனேஜரானேன். போன இடத்தில் வாயடைத்து நிற்கக்கூடாது என்று கிரிக்கெட் விதிப் புத்தகத்தைத் தேடியெடுத்துப் பாடப் புத்தகம்போலப் படித்தும் வைத்திருந்தேன்.

ஆட்டத்துக்கு முன்பே விசயம் காதுக்கு வந்துவிட்டது. டவுன் கம்பனியொன்றின் விளையாட்டுப் பொறுப்பாளர் தோட்டப் பக்கத்திலிருந்து ஒரு துடுப்பாட்டக்காரரை எடுக்கப் போகிறார். கெலிஓயாவில் இருக்கிற அவர்களுடைய ஸ்டோரில் வேலை, மாதச் சம்பளம். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காக அன்றைக்கு அவரே நடுவராக நிற்பார் என்றும் சொன்னார்கள். மச்சானுக்கு அந்த ஃபெக்டரித் தூசியில் ராத்திரி முழுக்க இருமல். வீட்டில் எல்லாரும் அந்த ஆட்டத்தைத்தான் பேசினார்கள்.

எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மலையை வெட்டிய ஒரு துண்டு நிலம் அது. மூன்று பக்கமும் தேயிலை. பந்து உள்ளே போனால் தேடுகிறவர்கள் செடியை மிதித்துவிடுவார்கள். ஒரு முறை தோட்டத்தை நடத்துகிற தொரை வந்து, இனி ஒரு செடி முறிந்தாலும் மைதானத்தை மூடிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி எத்தனையோ தடவை சொல்லியும் வந்து பார்க்காத மனுசன், செடிக்கு அன்றைக்கே வந்தார். அதிலிருந்து எங்கள் லீக்கில் ஒரு விதி: பந்து எகிறித் தேயிலைக்குள் விழுந்தால் அவுட். நடுவர் விரல் தூக்கும்வரை எவனும் நிற்க மாட்டான். துடுப்பில் பட்ட சத்தத்திலேயே தெரிந்துவிடும். அடித்தவன் துடுப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தானாக வெளியே நடப்பான். நின்று பார்க்கிறவனை வெட்கங்கெட்டவன் என்பார்கள். சின்ன வயதிலிருந்து எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தோம்.

அன்றைக்கு டவுன் மைதானத்தில் மச்சான் ஆடிய ஆட்டத்தை நான் மறக்க மாட்டேன். பந்து தரையோடு தரையாகப் போனது. இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரிப் பார்த்து அடித்தான். டவுன் ஆட்கள்கூடக் கை தட்டினார்கள். கடைசி ஓவருக்கு வந்தபோது அடித்துத் தூக்கினால்தான் வெல்லலாம் என்ற நிலைமை. தூக்கினான். பந்து மேலே மேலே போனது.

மச்சான் துடுப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினான்.

பந்து எல்லைக் கயிற்றுக்கு உள்பக்கம், யாருமில்லாத புல்லில் விழுந்தது. மற்றப் பக்கத்தில் நின்ற எங்கள் ஆள் கத்தினான், நானும் கத்தினேன். ஸ்பீக்கர் இரைச்சலில் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. ஒருத்தன் ஓடிப்போய்ப் பந்தை எடுத்து எறிந்தான். விக்கெட் காப்பாளர் அவசரமில்லாமல், சிரித்துக்கொண்டே குச்சியைத் தட்டினான். நடுவர் விரலைத் தூக்கினார். ரன் அவுட்.

மைக்கில் இருந்தவன் சொன்னான்: "தோட்டத்துல சங்கு ஊதிட்டாங்க போல. தம்பி வேலை முடிஞ்சி வீட்டுக்குப் போறாரு."

மைதானமே சிரித்தது. எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "தோட்டக்காட்டான் தோட்டக்காட்டான்தான்" என்றது. திரும்பிப் பார்த்தேன். எங்களைப் போலவே தமிழ் பேசுகிற, எங்களைப் போலவே கோவிலில் திருநீறு பூசுகிற ஆள். அவருடைய தாத்தாவும் எங்கள் தாத்தாவும் ஒரே கப்பலில் வந்திருக்கலாம். அவருடையவர் டவுனில் கடை போட்டார், எங்களுடையவர் மலை ஏறினார். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் மைதானத்துக்குள் இறங்கிவிட்டேன். அவுட் என்று தவறாக நினைத்து ஒருவன் வெளியே நடந்தால், நடுவர்தான் ஆட்டத்தை நிறுத்தி அவனைத் திரும்பக் கூப்பிட வேண்டும். விதியில் அப்படித்தான் இருக்கிறது. முதலில் மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்து, "தம்பி, இது நட்சத்திர ஆட்டம். சும்மா ஒரு சந்தோசத்துக்கு விளையாடுறது. இதுக்குப்போயி சட்டம் பேசாதீங்க" என்றார்.

கையைத் தட்டிவிட்டேன். உங்களுக்குச் சந்தோசம், எங்களுக்கு வேலை என்று கத்தினேன். விதி தெரியாவிட்டால் எதற்கு அந்தத் தொப்பியைப் போட்டிருக்கிறீர்கள் என்றும் கேட்டேன். இரண்டு பேர் என்னைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார்கள். மச்சான் எல்லைக் கயிற்றருகே தலை குனிந்து நின்றான். நாங்கள் தோற்றோம்.

கலஹா வழியாகப் போகும் பஸ்ஸில் அவன் ஒரே ஒரு தடவைதான் பேசினான். "நீ சொன்னது சரிதான் மச்சான். ஆனா அந்தாளுகிட்டத்தானே வேலை இருக்கு."

மூன்றாம் நாள் கம்பனியிலிருந்து அவனுக்குப் போன் கோல் வந்தது. ஆட்டம் பிடித்திருக்கிறதாம். எடுப்பதில் பிரச்சினை இல்லையாம். ஆனால் கூட வந்து கத்திய பையன் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், கம்பனிக்கு ஒழுக்கம் முக்கியமாம். மச்சான் இதை என்னிடம் சொல்லவில்லை. அத்தைதான் வந்து சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார். "நீ படிச்ச புள்ள" என்றார்.

போனேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு கம்பனி ஒஃபிசுக்குப் போனேன். மச்சான் வெளியே ரோட்டில் நின்றான். உள்ளே, அன்றைக்கு நடுவராக நின்ற அந்தப் பொறுப்பாளர் கதிரையைக் காட்டினார், நான் உட்காரவில்லை. வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்ததை ஒப்பித்தேன்: "அன்னைக்கு நான் பேசினது பிழை சேர். மன்னிச்சுக்கங்க."

அவர் நல்ல மாதிரிச் சிரித்தார். டீ கொண்டுவரச் சொன்னார். கம்பஸில் என்ன படிக்கிறேன் என்று விசாரித்தார், இப்படிப் பிள்ளைகள் மேலே வருவது சந்தோசம் என்றார். பிறகு, ஒரு பெரிய மனுசன் இன்னொரு பெரிய மனுசனிடம் சொல்வதுபோல மேசையில் சாய்ந்து சொன்னார்: "நீங்க சொன்ன விதி சரிதான் தம்பி. எனக்கும் தெரியும். திருப்பிக் கூப்பிட்டிருக்கணும். எல்லாரும் சிரிச்சிக்கிட்டு இருந்தாங்களா, நானும் அப்படியே விட்டுட்டேன்."

அந்த டீயை நான் குடித்து முடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை. மேசையில் ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது, காகிதம் பறக்காமல் வைப்பது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்துகொண்டு, சிரிப்பில் சேர்ந்துகொண்டு, பிறகு என்னை வரவழைத்து மன்னிப்புக் கேட்க வைத்து, அதற்குப் பிறகு தெரியும் என்கிறார். அந்தக் கோபம் இதை எழுதும்போதும் அப்படியே இருக்கிறது. குறைய வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

"தேங்ஸ் சேர்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மச்சான் ரோட்டைக் குறுக்கே தாண்டி ஓடிவந்தான். "என்னடா சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. திங்கக்கிழமை உன்ன வரச் சொன்னாரு."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பஸ் வந்தது, ஏறினோம்.