நடுவில் திறந்த மூன்று சீட்டு

இன்று மத்தியானம் காஜா பேராங் பகுதியில் எங்கள் வீட்டில் நான்கு பேர் போக்கர் ஆடிக்கொண்டிருந்தோம். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டு நடுவில் திறந்து கிடக்கும். இந்த ஐந்தும் நன்றாகச் சேர்ந்தவனுக்கே ஜெயம். பந்தயம் அவித்த மரவள்ளிக்கிழங்கு. ஜப்பான்காரன் ஆட்சியில் அதைவிட உயர்ந்த பந்தயம் ஏது?

வாசலில் ஜப்பான்காரன் லோரி வந்து நின்றது. எங்களோடு ஆடிக்கொண்டிருந்த முத்தையாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, போனவன் திரும்பியதாகக் கேள்விப்படாத சயாம் ரயில் வேலைக்கென்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவன் சீட்டு இரண்டும் கவிழ்த்தபடியே கிடந்தன.

விஷயம் கேள்விப்பட்டு அவன் மனைவி செல்லம் ஓடி வந்தாள். சும்மா கொடுத்தால் எதையும் வாங்கமாட்டாள். அதனால் கிழங்குத் தட்டை நீட்டி, "ஆட்டத்துல அவந்தான் ஜெயிச்சான்மா, எடுத்துட்டுப் போ" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவள் அவள். நடுச்சீட்டுகளைப் பார்த்தாள். பிறகு அவன் சீட்டுகளைத் திருப்பினாள். அவை ஒன்றோடொன்றும் சேரவில்லை, நடுச்சீட்டுகளோடும் சேரவில்லை.

"ஏண்ணே பொய் சொல்றீங்க? அவரு வந்து ஜெயிக்கட்டும்."

இரண்டையும் பழையபடி கவிழ்த்து வைத்துவிட்டு, தட்டைத் தொடாமல் போய்விட்டாள்.

எங்கள் மூவருக்கும் நல்ல பசி. தட்டு அப்படியே இருக்கிறது.

உங்கள் வீட்டு ஆட்டத்தில், எழுந்துபோனவனுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்?