பச்சை நூல் சுற்றிய காந்தம்

என் ராத்தாவின், கூடப்பிறந்த அக்காவின், கலியாணத்தை முறித்தவள் நான்தான். ஒன்பது வயதில், இரண்டு துண்டுக் காந்தங்களை வைத்துக்கொண்டு அதைச் செய்து முடித்தேன்.

அவற்றை எனக்கு வாங்கித் தந்தவர் ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான். ராத்தா தறியில் நெய்யும் சாரன்களைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய் விற்கிற மனுசர். ஒருநாள் கல்முனைக் கடைத்தெருவிலிருந்து விரல் நீளத்தில் இரண்டு கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் ஒரு நுனியிலும் சிவப்புச் சாயம். சிவப்பு நுனியை மற்றதன் வெறும் நுனிக்குக் கிட்டக் கொண்டுபோனால் டக்கென்று ஒட்டும். சிவப்பைச் சிவப்போடு சேர்த்தாலோ, எவ்வளவு அழுத்தினாலும் தள்ளிக்கொண்டு ஓடும்.

"ரெண்டும் ஒரே மாதிரி எண்டா சேராது புள்ள," என்றார் மச்சான். தறியில் இருந்த ராத்தா சிரித்தாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் மௌத்தாகிவிட்டது. மச்சான்தான் கையில் ஏந்திக்கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவள் அழத் தொடங்கினால் அவர் எழுந்து வாசலுக்குப் போவார். அவர் வந்து பக்கத்தில் இருந்தால் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பது. மனம் முறிந்தால் சாரனைச் சுருட்டிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விடுவார். மச்சானும் போனார். மூன்று ஒழுங்கை தாண்டினால் அந்த வீடு.

அவரைத் திரும்ப அழைக்க உம்மா என்னிடம் சோறு கொடுத்தனுப்பினாள். சின்னப் பிள்ளை கொண்டுபோனால் யாருக்கும் மரியாதைக் குறைவில்லை. "மச்சான், உங்கள வரட்டாம்," என்பேன். "பொறகு பாப்பம் புள்ள," என்பார். ராத்தா சோற்றையும் விட்டாள், தறியையும் விட்டாள். பெரியவர்கள் ஒரு வழியும் செய்யக் காணோம். எனக்கோ காந்தம் தெரியும்.

ஒன்றை ராத்தாவின் தலையணை உறைக்குள் போட்டேன். மற்றதைத் துணியில் சுற்றி, தறியடியில் கிடந்த பச்சை நூலால் வரிந்து கட்டி, சோற்றோடு கொண்டுபோய் மச்சானின் தலையணைக்குள் சொருகினேன். சிவப்புக்குச் சிவப்பு நேராகிவிட்டால் எல்லாம் கெட்டுப்போகுமே! ஆகவே ராத்தாவுடையதில் சிவப்பு அவர் வீட்டைப் பார்க்க, அவருடையதில் வெறும் நுனி எங்கள் வீட்டைப் பார்க்க வைத்தேன். அவ்வளவு கவனம் எனக்கு.

ஐந்தாம் நாள் மச்சானின் உம்மா தலையணையை வெயிலில் போட எடுத்திருக்கிறாள். "யா அல்லாஹ், என்ட மகனுக்குச் சூனியம் வெச்சிரிக்காளே!" என்று கத்திக்கொண்டே எங்கள் வளவுக்குள் வந்தாள். பின்னால் மச்சான். அந்தப் பச்சை நூல் யார் தறி நூல் என்று ஒழுங்கைக்கே தெரியும். ராத்தாவின் தலையணையை உதறினாள். இரண்டாவது காந்தமும் விழுந்தது.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லு, நீயா வெச்ச?"

ராத்தா கீழே கிடந்ததைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

"ஓம் மாமி, நான்தான்."

வாப்பா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார். மச்சான் குனிந்து அந்தக் காந்தத்தை எடுத்தார். சிவப்புச் சாயத்தை விரலால் தடவினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதைத் தறிப் பலகையில் வைத்துவிட்டுத் தன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் தலாக் வந்தது. ராத்தா பிறகு யாரையும் கலியாணம் முடிக்கவில்லை.

இது என் தங்கச்சிக்கு நீங்களே வாங்கிக் கொடுத்த விளையாட்டுச் சாமான் என்று அவளும் அவரிடம் சொல்லவில்லை. இது அந்தப் புள்ளையின் வேலை என்று அவரும் தன் உம்மாவிடம் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஒரு சொல் போதும், ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. பிரிந்துபோக ஒரு காரணம் கிடைக்காதா என்று இருந்த இரண்டு பேருக்கு நான் அதைக் கட்டிக் கொடுத்திருந்தேன்.

அன்றைக்கு எனக்கு விளங்கியது, அடியிலிருந்து தப்பிவிட்டேன் என்பது மட்டும்தான். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கினேன்.