எங்கள் லயத்துச் சுவரும் ஆதவனின் டர்பைனும்

இன்று ஹட்டனிலிருந்து நல்லதண்ணி போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஆதவன். யாழ்ப்பாணத்துக்காரன், கெம்பஸில் என் வகுப்பு. சிவனொளிபாத மலை ஏறப் போகிறானாம்.

கடைசி வருட புரொஜெக்டுக்கு இரண்டு பேருமே ஓடைத் தண்ணீரில் சுற்றும் சின்ன டர்பைனுக்குக் கணினியில் ஒரு மொடல் எழுதுகிறோம். தேயிலைத் தோட்டத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு லைட் தருவதே அப்படி ஒன்றுதான். எழுதியதை மின்சார சிமுலேட்டரோடு இணைக்க வேண்டும். நான் இணைத்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் படுத்துவிடும். மூன்று வாரமாக இதே கதை.

"என்ர ஓடுது மச்சான்," என்றான்.

எப்படி என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"உங்கட வீட்டை தேத்தண்ணி குடிக்க வந்தனானெல்லே? அம்மா அயன் போட முதல் சுவரில தட்டினவா. உடன பக்கத்து வீட்டில லைட்டை நிப்பாட்டிச்சினம். ரெண்டையும் ஒண்டா அந்த டர்பைன் தாங்காதெல்லே. அதையும் சேர்த்து எழுதினன். நீ எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில கரண்ட் குடுக்கிறாய் போல."

அப்படித்தான் கொடுத்திருந்தேன். பள்ளிக்கூடச் சட்டையை அயன் பண்ணிய காலத்திலிருந்து அந்தச் சுவரில் தட்டுகிறவன் நான். அவன் வந்தது ஒரே ஒரு நாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"கெட்டிக்காரப் புள்ள. இன்னொரு நாளைக்குக் கூட்டிக்கிட்டு வா," என்றார்.

மாட்டேன்.

திங்கட்கிழமை நானும் அந்தத் தட்டலைச் சேர்க்கப் போகிறேன். இதைப் படிக்கிற வகுப்பு நண்பர்களே, அவனிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். அது சரி, உங்களில் யார் யார் வீட்டில் அவன் தேத்தண்ணி குடித்திருக்கிறான்?