அத்தானின் நோர்வேக் காற்சட்டை: வவுனியாவிலிருந்து நந்திக்கடல் வரை

முல்லைத்தீவுக்குப் போகிறவர்கள் கடற்கரை பார்க்கவோ கோயிலுக்கோதான் பெரும்பாலும் போவார்கள். நான் போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு காற்சட்டையைத் திருத்தப் போனேன்.

என் அக்காவும் அத்தானும் அங்கே நந்திக்கடல் என்ற உப்புநீர்க் களப்பின் ஓரத்தில் இருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசி இறால் பிடிப்பதுதான் அத்தானின் தொழில். சீனி வருத்தத்தால் அவருடைய வலக்காலில் வந்த புண் ஆறப் பத்து மாதம் எடுத்தது. கால் ஈரத்தில் ஊறினால் புண் திரும்பவும் வெடிக்கும் என்று டாக்குத்தர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு, நோர்வேயில் இருக்கும் அக்காவின் மகன் நிரோஷன் அங்கே ஆற்றில் மீன் பிடிப்பவர்கள் போடும் காற்சட்டை ஒன்றை அனுப்பினான். பாதத்திலிருந்து நெஞ்சுவரை ஒரே உடுப்பு. வெளித் தண்ணீரை உள்ளே விடாது, உள்ளே வேர்க்கும் ஆவியை வெளியே விட்டுவிடும். மூன்று மாதம் அத்தான் அதைப் போட்டுக்கொண்டு ராசா மாதிரி இறங்கினார்.

வெள்ளிக்கிழமை அக்கா போன் எடுத்தாள். "தம்பி, காற்சட்டை ஒழுகுதடா. கால் ஊறிப்போய்க் கிடக்கு. இவர் வலையை விக்கப் போறாராம். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருதாம்."

அத்தானை வலையில்லாமல் நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. சைக்கிள் ரியூப் ஒட்டும் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு காலை 5.40க்கு வவுனியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டேன். கனகராயன்குளத்தில் ஒரு பிளேன்ரீயும் இரண்டு வடையும், 200 ரூபாய். மாங்குளத்தில் வலது பக்கம் திரும்பினால் ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு. ஒட்டுசுட்டானுக்கு முன்னால் வீதியில் யானை இலத்தி ஆவி பறக்கக் கிடந்தது. அந்த இடத்தில் மட்டும் என் வண்டிக்குப் புது வேகம் வந்தது. வீட்டு வாசலில் பார்த்தபோது 94 கிலோமீற்றர், நேரம் 8.25.

முள்ளுக்கம்பி வேலியில் காயப்போட்டிருந்த காற்சட்டையைக் கண்டதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். "அக்கா, கம்பி குத்தி ஓட்டை விழுந்திட்டுது, வேற என்ன!" ஓட்டையைக் கண்டுபிடிக்க, காற்சட்டையை வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டு உள்ளே கிணற்றுத் தண்ணீரை ஊற்றினோம். தலையில்லாத தடித்த மனிதன் ஒருவன் மரத்தில் தொங்குவது போல இருந்தது. அரை மணித்தியாலம் மூன்று பேரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

"அப்ப தண்ணி எங்கால வந்தது?" என்று அத்தான் கேட்டார். நான் ஒட்டும் சாமான்களைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு, நோர்வேயில் விடிந்த பிறகு, நிரோஷனுக்கு வீடியோ கோல் எடுத்தோம். துணியின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் தெளிக்கச் சொன்னான். தெளித்த தண்ணீர் உருண்டு ஓடாமல் அப்படியே ஊறிக் கறுத்தது. "மாமா, அது ஒழுகேல்லை. வெளித்துணி தண்ணி குடிச்சா உள்ளுக்கிருக்கிற ஆவி வெளியில போகாது. அது அப்பான்ர வேர்வை."

"என்ர வேர்வையோ? கால் நனையிற அளவுக்கோ?" அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அம்மா, எதில தோய்ச்சனீங்கள்?"

அக்கா பெருமையோடு சொன்னாள்: "மீன் வாடை போகவேணுமெண்டு ஒவ்வொரு நாளும் சவர்க்காரத் தூள் போட்டு, கடைசியில உடுப்பை மெத்தெண்டாக்கிற வாசத் தண்ணியிலயும் அலசுறனான்."

அங்கே நிரோஷன் தலையில் கை வைத்தான். தண்ணீரை ஒட்டவிடாத பூச்சை அந்த இரண்டும் சேர்ந்து கெடுத்துவிட்டன. "சரி, காற்சட்டையோட நான் அனுப்பின ரெண்டு போத்தலும் எங்க?"

வெளிநாட்டுப் போத்தல்களுக்கு எங்கள் வீடுகளில் ஒரே இடம்தான். கண்ணாடி அலுமாரியில், சென்ற் போத்தல்களுக்கு நடுவில், இரண்டும் மூடி திறக்கப்படாமல் நின்றன. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் போத்தல் கழுவும் திரவம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையால் கழுவி, நுரை நிற்கும்வரை ஒன்பது வாளி தண்ணீரில் அலசினோம். ஈரத்தோடேயே இரண்டாவது போத்தலில் இருந்த தண்ணீர் ஒட்டாப் பூச்சை வெளிப்பக்கம் முழுதும் தெளித்து, மிஞ்சியதைத் துணியால் ஒற்றி, நிழலில் காயவிட்டோம். கடைசியில் மெல்லிய சூடு காட்ட வேண்டும் என்றான் நிரோஷன். பக்கத்து வீட்டில் மணப்பெண் அலங்காரம் செய்யும் சுகந்தி, தலைமயிர் காயவைக்கும் மெஷினோடு வந்தாள். "இடுப்புக்குக் கீழ அலங்காரம் செய்யிறது இதுதான் முதல்தரம்" என்று சொல்லிக்கொண்டே முக்கால் மணித்தியாலம் நின்று சூடு காட்டினாள்.

ஞாயிறு காலை 6.10. அத்தான் இறங்குவதற்கு முன், ஈரம் பிடிக்கிறதா என்று பார்க்க அக்கா பத்திரிகையில் ஒரு துண்டைக் கிழித்து, வலக்கால் காலுறைக்குள் சொருகிவிட்டாள். சேம்பிலையில் போலத் துணியில் தண்ணீர் உருண்டது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கரையில் நின்ற எங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு மணித்தியாலம் அக்கா கரையில் அங்குமிங்கும் நடந்தாள்.

அத்தான் ஏறி வந்து, மணலில் இருந்து, காற்சட்டையையும் காலுறையையும் கழற்றி அந்தத் துண்டை எடுத்தார். ஓரம் மட்டும் கொஞ்சம் ஈரமாக இருந்தது. தூரப் பிடித்து உரக்க வாசித்தார்: "மணமகன் தேவை. வயது இருபத்தொன்பது. சொந்த வீடு உண்டு." அக்கா அவருடைய பாதத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்து அழத் தொடங்கினாள். எனக்கும் கண் கலங்கியது.

வலை வாங்க வந்தவர் பத்து மணிக்கு வந்தார். அத்தான் வலையைக் காயப்போட்டபடியே சொன்னார்: "குறை நினையாதேங்கோ, விக்கிறேல்லை. இறால் கொண்டுபோங்கோ."

உங்களில் யாராவது இப்படியொரு காற்சட்டையோடு வன்னிக் குளங்களிலோ களப்பிலோ இறங்குவதாக இருந்தால்: சவர்க்காரத் தூளும் வாசத் தண்ணீரும் அதன் கிட்டவும் வரக்கூடாது. உப்புத் தண்ணீரில் இறங்கினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசுங்கள். முள்ளுக்கம்பியில் போடாதீர்கள், இந்தமுறை தப்பியது அதிர்ஷ்டம். இடுப்புப் பட்டியை இறுக்காமல் ஆழத்துக்குப் போகாதீர்கள். தெளித்த தண்ணீர் உருளாமல் ஊறினால் ஓட்டையைத் தேட முன் வெளித்துணியைக் கவனியுங்கள். மாலையில் திரும்புகிறவர்கள் ஒட்டுசுட்டானைப் பொழுதுபட முன் கடந்துவிடுவது நல்லது.

நான் மூன்று மணிக்கு வெளிக்கிட்டேன். போத்தல்கள் இரண்டும் இப்போது கிணற்றடித் தட்டில் நிற்கின்றன. அலுமாரியில் அவை இருந்த இடத்தில், சென்ற் போத்தலில் சாய்த்து, அந்த மணமகன் தேவைத் துண்டை அக்கா வைத்திருக்கிறாள்.