எருக்குழியில் கவிழ்ந்த காளான் சட்டி

இடி இடித்துப் பெய்த மழைக்கு மறுநாள், கறையான் புற்றைக் கிளறிய விரலில் ஒட்டும் ஈரமண் வாசம் எந்தச் சோப்புக்கும் போகாது. பத்து வயதில் எனக்கு அதுதான் அத்தர். பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் புற்றுக்காளானைப் பறிக்க மாட்டோம், தோண்டுவோம். களைக்கொத்தின் முனையால் மெல்ல இறங்கினால் தண்டு வேராக நீண்டு புற்றுக்குள் முழ ஆழம் போகும். அப்படிப் போகாததை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அங்கேயே விட்டுவிடுவேன். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் கூடையையே கொட்டிவிடுவேன். "இவளுக்கு ரொம்பத்தான்" என்பார்கள் வீட்டில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குடும்பத்தோடு விருந்துக்கு வந்த மாமா, அம்மாவின் அண்ணன், வழியில் மாடு மேயும் புல்தரையிலிருந்து ஒரு துண்டு நிறையக் காளானைப் பறித்து வந்தார். வெள்ளை வெளேரென்று, தட்டு அகலம். புரட்டிப் பார்த்தேன்: வேர் இல்லை, தண்டில் வளையம், முளைத்த இடத்தில் புற்றும் இல்லை.

"இது வேணாங்க மாமா" என்றேன்.

"அட போம்மா, நான் பாக்காத காளானா?" என்று சிரித்தார்.

அத்தை தன் வெள்ளி மெட்டியைக் கழுவி, கொதிக்கும் சட்டியில் போட்டு எடுத்து, "பாருங்க, கறுக்கவே இல்ல, வெசமில்ல!" என்று எல்லோருக்கும் காட்டினார். விஷக்காளானும் வெள்ளியைக் கறுக்க வைக்காது என்பது அப்போது எனக்கும் தெரியாது. நான் தோண்டிய காளான் எதுவும் இப்படி இருந்ததில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

தட்டு வைத்தாயிற்று. மாமாவின் கடைக்குட்டி, மூன்று வயசு, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். துணியால் சட்டியைப் பிடித்துத் தூக்கிப் போய் எருக்குழியில் கவிழ்த்தேன். அம்மா முதுகில் வைத்தாள் ஒன்று. "திமிரு புடிச்சவ! வூட்டுக்கு வந்தவங்க முன்னால மானத்த வாங்கிட்டியே!"

விடிந்ததும், சமைக்காமல் துண்டில் மிச்சமிருந்த நாலு காளானைத் திருப்பினேன். நேற்று வெள்ளையாக இருந்த குடையின் அடிமடிப்பெல்லாம் பாசிப்பச்சை! நாங்கள் தின்னும் காளான் ஒருநாளும் அப்படிப் பச்சையாகாது. ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த மாமாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். பார்த்ததும் அவர் கடைக்குட்டியை வாரி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அம்மாவிடம், "எம் மூணு புள்ளைங்களையும் காப்பாத்தினவ இவ. இனிமே இவ மேல கை வெச்சே, பாத்துக்க" என்றார். ஆகா, அன்று நான் தெருவில் நடந்த நடை இருக்கிறதே, திருவிழாத் தேருக்குக்கூட அந்த மிடுக்கு வராது.

இப்போது அந்தப் புற்றுமேடு வீட்டுமனையாகிக் கல் நட்டாயிற்று. காளான் பாலக்கோட்டுக் கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் கிடைக்கிறது. மழை பெய்தால் சொந்தக்காரர்கள் செல்போனில் படம் அனுப்பி, "இது திங்கலாமா?" என்று கேட்கிறார்கள். படத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன், தொடாதீங்க என்கிறேன். "என்ன இவ்ளோ பயம்?" என்று கேலி செய்கிறார்கள். பயமாவது! அன்று எல்லோரும் வெறுஞ்சோறு தின்று படுத்தோம். காலையில் எல்லோரும் எழுந்தோம்.