நேசையனுக்குக் கேட்ட ஒரே ஆல்பம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வளைகுடாவுக்குக் கல் சுமக்க வந்து, ராஸ் அல் கைமாவில் சொந்த மெஸ் வைத்து, தொழிலாளர் கேம்ப் கேம்பாகச் சோறு போட்டவன். யார் தயவும் கிடையாது. ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவேன். நேசையனுக்குக் காது போய்க்கொண்டிருப்பதையும் நான்தான் முதலில் கண்டுபிடித்தேன்.

கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். ஊரில் மாதா கோயில் பாட்டுக்காரன். இங்கே கல் உடைக்கும் கிரஷரில் ஆபரேட்டர். நாடு திரும்பிய வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் அவனிடம் ஒரு சிடியை விட்டுப்போனார். பழைய அமெரிக்க ராக் ஆல்பம். பங்க் என்ற பாட்டுவகை பிறக்கும் முன்பே அதற்கு வழி போட்டதாம். என்னைக் கேட்டால், கிதாரைக் கிரஷரில் போட்டு அரைத்தது போலிருந்தது.

"இதையா கேக்குறே? உங்க கோயில் பாட்டு என்னாச்சு?"

"அது எனக்குக் கேக்கல்ல அண்ணே. இதுதான் உள்ள எறங்குது."

2006-இல் கம்பெனி ஓர் உத்தரவு போட்டது. காது சோதனையில் தேறினால்தான் விசா புதுப்பிக்கும், இல்லாவிட்டால் கேன்சல். நேசையன் மகள் லிஜி அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

காதை அடைப்பது கல்தூசிதான், பெரிய சத்தம் கொடுத்தால் உதிர்ந்துவிடும் என்று கேம்பில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. ரூம்காரன் ஐயப்பன் தூண்டிவிட்டான்: "ஃபுல் வால்யூம்ல போடு மாப்ள. தூசி எக்ஸிட் அடிச்சு ஊருக்கே ஓடிரும்."

டூட்டி முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஆல்பத்தை அலறவிட்டான். டாக்டரிடம் போகச் சொன்னேன்.

"போனா கம்பெனிக்குத் தெரிஞ்சிரும் அண்ணே."

சோதனைக்கு என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். கண்ணாடி அறை, விசில் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். மெஷினை நிறுத்திய பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தான். ஆல்பம் விட்டுப்போன இரைச்சல் காதுக்குள் ஓயவில்லை. அதைத்தான் விசில் என்று நினைத்திருக்கிறான்.

"எல்லாம் கேட்டுது அண்ணே" என்று சந்தோஷமாக வெளியே வந்தான்.

விசா கேன்சல் ஆனது. அவனுக்காகப் பேச நானே கம்பெனிக்குப் போனேன். எந்த மேனேஜரும் என்னை உட்காரவைத்துத்தான் பேசுவான். அன்றும் உட்காரவைத்தான். "கலாஸ்" என்றான். அரபியில் முடிந்தது என்று அர்த்தம்.

ஊருக்குப் போன் போட்டு, நேசையன் மனைவி லீமாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அப்போ லிஜிக்க படிப்ப நிறுத்திரட்டா?" என்று கேட்டாள்.

நேசையன் போனருகே குனிந்து கத்தினான். "சாப்பிட்டாச்சு பிள்ளே!"

அவள் அழுதுகொண்டே மறுபடி கேட்டாள்.

"ஆமா, வயிறு நெறைய" என்றான்.